ஒன்றரைச் சுற்று

சேகர்,

போன செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. கோயம்புத்தூரில் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாய், அதில் நாலு ஷாக் அப்சர்பரும் போய்விட்டது, அதை மாற்றும்போதே உயரத்தைக் குறைக்கிற ஸ்பிரிங்கையும் போட்டுவிட்டால் வண்டி தரையோடு ஒட்டி அழகாக நிற்கும் என்று உன் கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். தை மாதம் கல்யாணம் முடிந்ததும் அந்த வண்டியிலேயே பெண்ணை உட்காரவைத்து ஆவடி வரைக்கும் ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்று உனக்கு ஆசை. "இந்த விஷயத்துல உங்கள விட்டா எனக்கு யாரத் தெரியும்? நீங்க எத வாங்கச் சொல்றீங்களோ அதத்தான் வாங்குவேன்" என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். அந்த வரியை உன் அம்மா எழுத்துக் கூட்டிச் சத்தமாக எனக்குப் படித்துக் காட்டினாள். "பாத்தியா, உம்புள்ளைக்கு நீதான் இஞ்சினீயரு" என்று சிரித்தாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து பின்பக்கம் போய் குழாயைத் திறந்து வெறுமனே கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நீ பதிலுக்குக் காத்திருப்பாய். அதனால் நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷாக் அப்சர்பரை ஒன்றாக வாங்காதே. முன்பக்கம் என்றால் முன்பக்கம் இரண்டும், பின்பக்கம் என்றால் பின்பக்கம் இரண்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். வாங்கும்போது தண்டை முழுக்க இழுத்து, முழுக்க அமுக்கிப் பார். போகிற வழியெல்லாம் ஒரே கனமாக இருக்க வேண்டும். நடுவில் எங்கேயாவது லேசாக விட்டுக்கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடு. எண்ணெய்க் கசிவைத் துடைத்து, பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி விற்பார்கள், அதனால் தண்டு உள்ளே போகிற வாயில் விரலை வைத்துப் பார். இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் புஷ்களைப் புதுசாகவே போடு. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று அளவு ஒத்தவையாக இருக்க வேண்டும். உயரம் குறைந்த ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு நீளமான ஷாக்கை அப்படியே விட்டால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்துவிடும், மேலே ஏறும்போது ஷாக் அடிமட்டத்தில் போய் இடிக்கும். உன் வண்டிக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்கும், அதற்கென்றே செய்த குட்டை ஷாக்கும் ஜோடியாகக் கிடைத்தால் தவிர அந்த யோசனையே வேண்டாம். கிடைத்தாலும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அந்த வண்டி முதலில் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்திலேயே இருக்கட்டும். முக்கியமாக, இருக்கிற ஸ்பிரிங்கையே காஸ் வைத்து அறுத்துக் குட்டையாக்கித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால், அவன் எவ்வளவு பெரிய வேலைக்காரனாக இருந்தாலும் சரி, அவன் முகத்தைக் கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு.

அப்படிச் சொன்ன ஒருவனை எனக்குத் தெரியும். அது நான்தான்.

உனக்குத் துரை மாமாவை எப்படித் தெரியும்? குடித்துவிட்டு வண்டி ஓட்டி உன் தங்கை சுமதியைக் கொன்றவனாகத் தெரியும். ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் அவன் பேரை யாரும் சொல்வதில்லை. அதற்கு முன்னால் இருந்த துரையை நீ மறந்திருப்பாய், அல்லது வேண்டுமென்றே மறந்திருப்பாய். உன் அம்மாவுக்கு அவன் ஒரே தம்பி. பாரிவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு வளர்ந்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்த முதல் ஆள் அவன். லாரியில் கிளீனராகப் போய், டிரைவராகி, எண்பதுகளின் கடைசியில் ஒரு பழைய நாலு கதவுக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான். அந்தக் காரை முதன்முதலாக நம் குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்து, "அக்கா, வெளிய வந்து பாரு" என்று கத்தினான். உன் அம்மா கையில் மாவோடு ஓடிப்போனாள். சுமதி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நீ பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்த வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்னால் வைத்திருந்தவன் வேறு ஏதோ வேனுடைய ஸ்பிரிங்கை முன்பக்கம் மாட்டியிருந்தான். ஷாக் அப்சர்பர் இரண்டும் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. துரை முறையாகத்தான் யோசித்தான். பூந்தமல்லியில் பாஷா பாய் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். அவரிடம் காட்டிவிட்டு, முன்பக்கத்துக்குப் புது ஷாக் இரண்டு வாங்கி வைத்துவிட்டு, அந்த வண்டிக்கே உரிய ஸ்பிரிங் ஒரு ஜோடிக்குச் சொல்லி வைத்திருந்தான். வருவதற்குப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் பாரிவாக்கத்தில் அம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டது. ஊரார் முன்னால் வண்டி கோணலாக நிற்கப் போகிறதே என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். அவ்வளவுதான். அதை என்னிடம் சொன்னான். என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு அப்போது என்ன வயது, நாற்பத்தைந்து. தொழிற்சாலையில் டாங்கிக்குச் சக்கரமும் சஸ்பென்ஷனும் மாட்டுகிற பகுதியில் இருபது வருஷ வேலை. என் மேஸ்திரி என்னைக் கேட்காமல் ஒரு போல்ட்டைக் கூட முறுக்க மாட்டார் என்று நானே வீட்டில் பத்து தடவை சொல்லியிருப்பேன். மாமியார் வீட்டில் நான் உட்கார்ந்தால் நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். துரை ஸ்பிரிங்கைப் பற்றிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அம்பது டன் வண்டிய நிக்க வெக்கிறவன்டா நான். இந்தத் தகர டப்பாவுக்குப் பத்து நாளு காத்துக் கெடக்கணுமா? ஒன்றர சுத்து அறுத்து விட்டா அதுவா உக்காந்துக்கும்" என்றேன். அவன் தயங்கினான். "பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம் மாமா" என்றான். அந்த வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்று குத்தியது. என்னை விடப் பாய்க்குத் தெரியுமா என்று நினைத்தேன்.

பாயிடம் நானே போனேன். கேட்கப் போகவில்லை, அவர் கடையில் இருந்த காஸ் சிலிண்டரும் இடமும் வேண்டியிருந்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். "வேணாம் சார். நெருப்பு காட்டினா ஸ்பிரிங்கு செத்துப்பூடும். அந்த எடத்துல எப்பனா புட்டுக்கும். உங்களுக்குத் தெரியாததா" என்றார். எனக்குத் தெரியும் சேகர். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சூடுபட்ட எஃகு பதம் இழந்துவிடும் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களுக்கு வாரம் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் துரையும் இன்னும் இரண்டு டிரைவர்களும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாய், நீங்க டீ சாப்ட்டுட்டு வாங்க, அதுக்குள்ள முடிச்சுடறேன்" என்றேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று அறுத்துத் தள்ளினேன். அறுத்த துண்டு சிவப்பாகக் கீழே விழுந்து மண்ணில் புகைந்தது. மாட்டி இறக்கினதும் வண்டி கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த இரண்டு டிரைவரில் ஒருவன், "அண்ணாத்தே, சினிமா வண்டி மாதிரி கீது" என்றான். நான் கையைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் புகழ்ச்சி எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மூன்று மாதம் வண்டி ஓடியது. நடுவில் ஒருநாள் துரை வந்து, "மாமா, பள்ளத்துல எறங்கி ஏறினா முன்னாடி டொக்குனு ஒரு சத்தம் வருது மாமா" என்றான். சொல்லி வைத்த ஸ்பிரிங்கும் வந்துவிட்டதாம், மாற்றிவிடலாமா என்று கேட்டான். "புது ஷாக் அப்படித்தான் இருக்கும், போவப் போவப் பழகிடும். அத வாங்கி இன்னா பண்ணப் போற?" என்றேன். அவன் போய் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். நான் சொன்னால் அவனுக்கு அதுதான் கடைசி. அவன் அக்காளைக் கட்டியவன், தொழிற்சாலைக்காரன், எல்லாம் தெரிந்தவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும், ஆனால் உனக்கு நினைவிருப்பதில் பாதி தப்பு. முந்தின நாள் பாரிவாக்கத்தில் ஒரு காதுகுத்து. துரை குடித்தான், உண்மை. நானும்தான் குடித்தேன். காலையில் அவன் கிணற்றில் குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு, ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். மணி பத்து. அவன் கண் தெளிவாக இருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள்தான் இருந்தது. சுமதிக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தருகிறேன் என்று பூந்தமல்லிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். அவன் தெளிவாகத்தான் போனான் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அதைக் கூட நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏரிக்கரைப் பக்கம் சின்னப் பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம். வேகமும் இல்லை, முப்பது முப்பத்தைந்தில்தான் போயிருக்கிறான். பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கியதும் ஸ்பிரிங் உடைந்து வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து இழுத்திருக்கிறது. பாலத்துக் கட்டைச் சுவரில் சுமதி உட்கார்ந்திருந்த பக்கம் மோதிக் கால்வாயில் கவிழ்ந்தது. துரைக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. அந்தக் காலோடு தவழ்ந்து போய், தண்ணீருக்குள்ளிருந்து அவளை வெளியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் ஓடிப்போனபோது, "வண்டி தானா இழுத்துக்கினு பூட்சி மாமா, ஸ்டீரிங் கேக்கல மாமா" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான். கரையில் நின்ற கூட்டத்தில் ஒருவன், "நேத்து ஊத்திக்கினது இன்னும் எறங்கல போல" என்றான். அது அப்படியே பரவி, ஆஸ்பத்திரிக்கு அவள் உடம்பு போய்ச் சேர்வதற்கு முன்னால் அதுவே உண்மையாகிவிட்டது.

மூன்றாம் நாள் காவல் நிலையத்துக்குப் பின்னால் அந்த வண்டியை வைத்திருந்தார்கள். வண்டியைச் சோதிக்க ஒரு அதிகாரி வந்திருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். அவர் பிரேக்கைப் பார்த்தார், சரியாக இருந்தது. ஸ்டீயரிங்கைப் பார்த்தார், சரியாக இருந்தது. குனிந்து முன்பக்கம் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் உடைஞ்சிருக்கே" என்றார். நானும் எழுந்து போய்க் குனிந்தேன். நான் அறுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் பாதி கறுத்துத் துருவேறி இருந்தது, பாதி வெள்ளியாக மின்னியது. இதற்கு என்ன அர்த்தம் என்று என் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். கறுத்த பாதி எப்போதோ விரிசல் விட்ட பாதி, அநேகமாக அந்த டொக் சத்தம் கேட்க ஆரம்பித்தபோதே. மின்னுகிற பாதிதான் அன்றைக்கு உடைந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க தொழிற்சாலைல இதே வேலதான்னு சொன்னாங்க. மோதினதுல உடைஞ்சதுதானே?" என்று கேட்டார். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. பிள்ளையைப் பெற்றவனே பொய் சொல்வான் என்று எவன் நினைப்பான்?

"ஆமா சார். மோதினதுல உடைஞ்சதுதான்" என்றேன்.

அவ்வளவுதான் சேகர். நான்கு சொல். ஏன் சொன்னேன் என்று ஒன்பது வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜெயிலுக்குப் பயந்தேனா? வேலை போய்விடும் என்று பயந்தேனா? இரண்டும் இருந்தது. ஆனால் அதற்கும் முன்னால் நின்றது உன் அம்மாவின் முகம். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று பயந்தேன். தன் தம்பியைப் பற்றி அவள் என்ன நினைத்தாலும் தாங்கிக்கொள்ளலாம், என்னைப் பற்றி நினைத்தால் எனக்குத் தாங்காது என்று என் மனசு அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் துரை கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். ஜாமீனில் இருந்தான். வாசலிலேயே நீ அவன் சட்டையைப் பிடித்தாய். உனக்கு அப்போது பதினாறு வயது. "குடிச்சிட்டு ஓட்டி எங்க சுமதிய கொன்னுட்டு இங்க இன்னாத்துக்குடா வந்த?" என்று கன்னத்தில் அறைந்தாய். கட்டை நழுவி அவன் விழுந்தான். யாரும் தூக்கவில்லை. உன் அம்மா உள்ளேயிருந்து வந்து, "எனுக்குத் தம்பியே இல்ல. அவன எழுந்து போவச் சொல்லுங்க" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் சுமதி படத்துக்கு முன்னால் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. பெரியவர்களைக் கை நீட்டி அடிக்கக் கூடாது என்று உன்னை வளர்த்தவன் நான். அன்றைக்கு உன்னைத் தடுக்கவில்லை. அந்த அறை என் கன்னத்தில் விழ வேண்டியது என்று தெரிந்தேதான் நின்றேன்.

அவனுக்கு ஆறு மாதம் தண்டனை கிடைத்தது. லைசென்ஸ் போயிற்று. வெளியே வந்து ஐயப்பன்தாங்கலில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகச் சேர்ந்தான். எல்லோரும் குடிகாரன் என்று சொன்ன அவன், அதற்கப்புறம் நிஜமாகவே குடிக்க ஆரம்பித்தான். பாஷா பாய் விபத்துக்கு முன்னாலேயே வளைகுடாப் பக்கம் போய்விட்டார். பக்கத்தில் நின்று பார்த்த அந்த இரண்டு டிரைவர்களுக்கும் அறுத்தது மட்டும்தான் தெரியும், உடைந்தது தெரியாது. ஆக, என்னைக் கேட்கிற ஆளே இல்லை.

ஒருவன் கேட்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஐயப்பன்தாங்கல் டெப்போ வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மத்தியான வெயில். காலை இழுத்து இழுத்து ஒருவன் வந்து பக்கத்தில் நின்றான். துரைதான். தலை முழுக்க நரைத்திருந்தது, நாற்பது வயது கூட ஆகாதவனுக்கு. "நல்லா கீறீங்களா மாமா? அக்கா நல்லா கீதா?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அது அந்த ஸ்பிரிங்குதானே மாமா? நீங்க யாருகிட்டயும் சொல்ல வேணாம். நானும் சொல்ல மாட்டேன், சத்தியமா. எனுக்கு மட்டும் சொல்லுங்க. நாந்தான் கொன்னேனான்னு தெரிஞ்சிக்கணும். தூக்கம் வரல மாமா."

என் பிள்ளையே, அவன் என்ன கேட்டுவிட்டான்? அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு "ஆமாம்". பக்கத்தில் வேறு யாரும் இல்லை. கோர்ட் இல்லை, போலீஸ் இல்லை. நான் சொன்னேன், "இன்னாடா உளர்ற. காலைலயே ஊத்திக்கினியா?" என்று. அவன் சிரித்தான். "ஆமா மாமா, ஊத்திக்கினேன்" என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு போனான். என் பஸ் வந்தது, ஏறினேன், உட்கார இடம் கிடைத்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அவ்வளவு பெரிய பாதகத்தைச் செய்துவிட்டு ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்ததே என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக் கூட இருந்தது. மனுஷன் அப்படியும் இருப்பான். உன் அப்பன் அப்படித்தான் இருந்தான்.

போன ஆவணியில் அவன் செத்துப்போனான். ஈரல் போய்விட்டது என்றார்கள். படுத்திருந்தபோது அவன் மனைவி கஸ்தூரி ஆள் அனுப்பினாள், அக்காவை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்கிறான் என்று. உன் அம்மா அரிசி களைந்துகொண்டே, "எம்பொண்ணு மொவத்த பாக்க முடியல, இவன் மொவத்த பாத்து இன்னா ஆவப்போது" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பது போல. சாவுக்கு நான் மட்டும் போனேன். பூத்திலிருந்து உனக்குப் போன் பண்ணினேன். "அந்தாளு செத்ததுக்கு நான் எதுக்குப்பா லீவு போடணும்?" என்றாய். "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். அங்கே போய் அவன் தலைமாட்டில் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம், கஸ்தூரியிடமாவது, அவன் பெண்ணிடமாவது. அவள் சுமதி ஜாடை. மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போய், எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். முழுக்கச் சொல்லி முடித்தபோது அவர் ஃபைலை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தண்டன அனுபவிச்சவரே போய்ட்டாரு. இப்ப இத யாருக்காக எழுதித் தரப் போறீங்க சார்? உங்களுக்காகவா?" என்றார். வெளியே வந்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. உயிரோடு இருந்தபோது அவனுக்குத் தேவைப்பட்ட ஒரு வார்த்தை, அவன் போன பிறகு எனக்குத்தான் தேவைப்படுகிறது. அதைக் கூட நான் எனக்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். உன் அம்மா சாப்பாட்டு மேஜையைத் துடைக்க வந்து, "இன்னாய்யா, ஸ்பிரிங்கு வாங்கறதுக்கா இத்தினி பக்கம் எழுதற?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், டெப்போ வாசலில் துரை என்னைக் கேட்டது வரைக்கும் எழுதி முடித்ததும், இதை உனக்கு முதலில் அனுப்புவது மறுபடியும் ஒரு கோழைத்தனம் என்று பட்டது. நீ தூரத்தில் இருக்கிறாய். அவள் பக்கத்தில் இருக்கிறாள். அதனால் தாள்களை அவள் கையில் கொடுத்தேன். "படி" என்றேன்.

அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் என்று உனக்குத் தெரியும். உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அறுத்த இடம் வந்ததும் நின்று, திரும்ப மேலே போய் அதே பக்கத்தை மறுபடியும் படித்தாள். அழவில்லை. கடைசித் தாளை வைத்துவிட்டு, "அவன் உன்ன வந்து கேட்டான்" என்றாள்.

"கேட்டான்."

"நீ இல்லன்ன."

"ஆமா."

"எங்கையால ஒரு வாய் தண்ணி கேட்டு ஆளு அனுப்பிச்சான்யா. நான் அரிசி களஞ்சிக்கினு இருந்தேன். நீ இங்கதான் குந்திக்கினு இருந்த." உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். சுமதியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டும்போது மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து வந்து தோளைத் தொடப் போனேன். "கைய எடு" என்றாள். எங்களுக்குக் கல்யாணமான இந்த முப்பது வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

நேற்று அவளைத் தேடி ஐயப்பன்தாங்கல் போனேன். கஸ்தூரிதான் வெளியே வந்தாள். அவள் அழுது முகம் வீங்கியிருந்தது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். "அக்கா உங்கள பாக்க மாட்டாங்களாம். போய்டுங்க அண்ணா" என்றாள். திட்டாமல் சொன்னாள். உள்ளே துரையின் படத்துக்குப் பக்கத்தில் சுமதியின் படத்தையும் மாட்டியிருந்தது வாசலிலிருந்து தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஒன்றே ஒன்று செய். இந்தக் கடிதம் கிடைத்ததும் லீவு போட்டுவிட்டு வா. அந்த வண்டியில் வராதே, ஷாக் சரியில்லாத வண்டி, ரயிலில் வா. வந்ததும் இங்கே வராமல் நேராக ஐயப்பன்தாங்கல் போ. டெப்போவுக்கு எதிர்த் தெருவில் மூன்றாவது வீடு. நீ கை நீட்டியவன் இப்போது இல்லை, அவன் பெண் இருக்கிறாள், உன் அம்மா இருக்கிறாள். உன் கல்யாணப் பத்திரிகையில் மாமன் பேர் போட வேண்டிய இடத்தில் அவன் பேரைப் போடச் சொல். என் பேரை என்ன செய்வது என்பதை நீயும் அம்மாவும் பேசி முடிவு செய்யுங்கள். எடுத்துவிட்டாலும் நான் கேட்க மாட்டேன். நீ என்னைப் பார்க்க வருவாயா மாட்டாயா என்பதையும் நான் கேட்கவில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தபால் பெட்டியில் போட்டாலும் நாளைக்குத்தான் எடுப்பார்கள். உன் அம்மா வெள்ளிக்கிழமை போகும்போது இட்லிக்கு உளுந்து ஊறவைத்திருந்தாள். மூன்று நாளாக அது அப்படியே இருக்கிறது. நுரை கட்டி, வீடு பூராவும் வாடை அடிக்கிறது. கொட்டிவிட வேண்டும் என்று இரண்டு தடவை பாத்திரத்தைத் தூக்கினேன். தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.